வீதியும் மனமும்: மாத்தளை மாவட்டப் போக்குவரத்திற் சாரதியும் சைக்கிளோட்டியும்

வீதி விபத்துக்கள் குறித்து எமது நாட்டில் எழுதப்படுவன பெரும்பாலும் இரு வகைப்படும். முதல் வகையினர் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவர். சாரதிகள் பொறுப்பற்றவர்கள், பாதசாரிகள் அவதானமற்றவர்கள், மக்களிடம் ஒழுங்கில்லை என்பது அவர்தம் கூற்று. இரண்டாம் வகையினர் புறப்பொருள்களைப் பற்றிப் பேசுவர். வீதி ஒடுங்கியது, வாகனங்கள் பெருகிவிட்டன, வளைவுகள் அபாயமானவை என்பது அவர்தம் வாதம். முதல் வகையினருக்கு மனம் மட்டுமே உண்டு, சமூகம் இல்லை. இரண்டாம் வகையினருக்குப் பொருள் மட்டுமே உண்டு, மனிதர் இல்லை. வீதியில் ஒருவர் மற்றொருவரை எவ்வாறு காண்கிறார், ஏன் அவ்வாறு காண்கிறார் என்னும் வினா இவ்விரண்டுக்கும் இடையே விடுபட்டுப் போகின்றது.

முற்போக்காளரும் இவ்வினாவில் அதிக அக்கறை காட்டினர் எனக் கூறுவதற்கில்லை. உளவியல் என்றாலே அது தனிமனிதவாதத்தின் கோட்டை என ஒதுக்கும் போக்கு நம்மிடையே உண்டு. ஆயின் வீதியில் இறப்போர் யாவர் என்று நோக்கினால் இப்புறக்கணிப்புப் பொருத்தமற்றது என்பது புலனாகும். உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி 2021இல் உலகெங்கும் ஏறத்தாழ 11.9 இலட்சம் பேர் வீதியில் மாண்டனர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் பாதசாரிகளும் சைக்கிளோட்டிகளும் மோட்டார் சைக்கிளில் செல்வோருமாவர். இறப்புக்களில் 92 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளிலேயே நிகழ்ந்தன. இலங்கையில் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட உயிர்களை வீதி பலிகொள்கின்றது. இங்கும் பலியாவோருட் பெரும் பகுதியினர் நடந்து செல்வோரும் இரு சக்கரத்திற் செல்வோருமே. ஆகவே வீதி வர்க்க வேறுபாடற்ற பொதுவெளியன்று. அங்கு நிலவும் மனப்பாங்குகளும் வர்க்கச் சார்பற்றவையாக இருத்தல் இயலாது. இவ்விடயத்தை மாத்தளை மாவட்டத்தை மையமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வீதியின் பிறப்பு

மாத்தளையில் வீதி என்பது தொடக்கத்திலிருந்தே முரண்பாட்டின் களமாக இருந்து வந்துள்ளது. 1848ஆம் ஆண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கான காரணங்களுள் வீதிச் சட்டமும் ஒன்றாகும். 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்தல் வேண்டும் அல்லது அதற்கீடாகப் பணம் செலுத்துதல் வேண்டும் என தேசாதிபதி டொரிங்டனின் ஆட்சி அச்சட்டத்தின் மூலம் விதித்தது. கோப்பித் தோட்டங்களுக்குத் தேவையான வீதிகளைக் கிராமத்து விவசாயியின் உழைப்பைக் கொண்டு அமைப்பதே அதன் உட்கிடை. அவ்வாண்டு தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா முடி சூட்டப்பட்டதும் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டதும் வரலாறு அறிந்த செய்திகள்.

அதே காலப்பகுதியில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர் மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை கால்நடையாக வந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் வீழ்ந்தவர் பலர். கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880இல் புகையிரதம் வந்தது. ஆனால் அது கோப்பியையும் பின்னர் தேயிலையையும் ஏற்றிச் செல்லவே முதலில் வந்தது. இன்று ஏ9 என இலக்கமிடப்பட்டுள்ள கண்டி யாழ்ப்பாண வீதி, மாத்தளை, நாலந்தை, நாவுலை, தம்புள்ளை என மாவட்டத்தை ஊடறுத்துச் செல்கின்றது. தோட்டப் பொருளை மலையிலிருந்து இறக்கவும், தொழிலாளரை மலைக்கு ஏற்றவும், படையை நகர்த்தவும் பயன்பட்ட வழியின் மேலேயே இன்றைய போக்குவரத்தும் நடைபெறுகின்றது. நடந்து செல்பவருக்கென்றோ சைக்கிளில் செல்பவருக்கென்றோ அவ்வீதி திட்டமிடப்பட்டதில்லை. அவர்கள் அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டவர்கள். இந்த ஓர நிலை வெறும் இடம் பற்றியதன்று. மனநிலை பற்றியதுமாகும் என்பதைப் பின்னர் காண்போம்.

மாவட்டத்தின் நிலவமைப்பும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தெற்கே மாத்தளை, உக்குவளை, ரத்தோட்டை ஆகிய பகுதிகள் மலைச் சரிவுகள். அங்கே வளைவுகள் மிகுதி, சைக்கிள் அரிது, பஸ்ஸும் முச்சக்கர வண்டியுமே மக்களின் கால்கள். வடக்கே தம்புள்ளை, கலேவெலை ஆகிய பகுதிகள் உலர் வலயச் சமவெளி. அங்கே வயலுக்கும் பாடசாலைக்கும் சந்தைக்கும் செல்வோர் சைக்கிளைப் பயன்படுத்துகின்றனர். 1999இல் தொடங்கப்பெற்ற தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தை நோக்கி மரக்கறி லொறிகள் இரவு பகலாக விரைவதும் அதே சமவெளியிலேயே. ஏ6 வீதியும் ஏ9 வீதியும் தம்புள்ளையில் சந்திக்கின்றன. எனவே மெதுவாகச் செல்வோர் மிகுந்த இடமும் விரைந்து செல்வோர் மிகுந்த இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

2. ‘கவனயீனம்’ என்னும் சொல்

விபத்து நிகழ்ந்ததும் முதலில் எழும் சொல் ‘கவனயீனம்’. சாரதியின் கவனயீனமே காரணம் என்று கூறிவிட்டால் ஆராய்ச்சி முடிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றது. உண்மையில் ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குதல் வேண்டும்.

கவனம் என்பது எல்லையற்ற பொருளன்று. அமெரிக்க உளவியலாளர் சைமன்ஸ், சப்ரி ஆகிய இருவரும் 1999இல் வெளியிட்ட பரிசோதனை இதனைத் தெளிவாகக் காட்டியது. பந்தை எறிந்து விளையாடுவோரின் படத்தைக் காட்டி, பந்து எத்தனை தடவை கைமாறுகின்றது என எண்ணும்படி பார்வையாளரிடம் கூறினர். இடையே கொரில்லா வேடமணிந்த ஒருவர் காட்சியின் குறுக்கே நடந்து சென்றார். பார்வையாளரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அவரைக் காணவேயில்லை. கண் திறந்திருந்தது, உருவமும் எதிரே இருந்தது, ஆயினும் காணவில்லை. எதைத் தேடும்படி பணிக்கப்பட்டோமோ அதனையே மனம் காண்கின்றது. ‘நான் பார்த்தேன், ஆனால் அவர் என் கண்ணிற் படவில்லை’ என விபத்தின் பின் சாரதி கூறுவது எப்போதும் பொய்யன்று.

அப்படியாயின் தனியார் பஸ் சாரதி ஒருவர் எதைத் தேடும்படி பணிக்கப்பட்டுள்ளார் என வினவுதல் வேண்டும். 1958ஆம் ஆண்டு தை முதலாந் திகதி பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையைத் தொடர்ந்து 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. ஒன்றிரண்டு பஸ்களை வைத்திருக்கும் சிறு உரிமையாளர் பலர் ஒரே வழியிற் போட்டியிடும் அமைப்பு அதனால் உருவாயிற்று. சாரதியினதும் நடத்துநரினதும் வருமானம் பெரும்பாலும் அன்றன்றைய வசூலைப் பொறுத்தது. உரிமையாளருக்குரிய தொகையும் எரிபொருட் செலவும் போக எஞ்சுவதிலேயே அவர்தம் பங்கு உள்ளது. ஆகவே சாரதியின் கண் தேடுவது மூன்றை: முன்னே செல்லும் பஸ், பின்னே வரும் பஸ், தரிப்பிடத்தில் நிற்கும் பயணி. நேரக் கணிப்பாளரும் போக்குவரத்துப் பொலிசாரும் அடுத்த வரிசையினர். ஓரமாக மிதித்துச் செல்லும் சைக்கிளோட்டி இப்பட்டியலில் இல்லை. அவரால் வருமானமும் இல்லை, தண்டமும் இல்லை.

இவ்வாறு நோக்குமிடத்து சாரதிக்குக் கவனம் இல்லை என்பது சரியாகாது. அவருடைய கவனம் முழுவதும் ஏற்கெனவே விலைப்பட்டுவிட்டது என்பதே பொருந்தும். உழைப்பாளி தன் உழைப்புச் சக்தியை விற்கும்போது தசையின் வலிமையை மட்டும் விற்பதில்லை; கண்ணையும் செவியையும் பொறுமையையும் சேர்த்தே விற்கிறார். லொறிச் சாரதிக்கும் இது பொருந்தும். மரக்கறி அழுகும் பொருள். விலை விடியுமுன் தீர்மானிக்கப்படுகின்றது. தாமதத்தின் நட்டத்தைத் தவிர்க்கவே இரவிலே தூக்கம் கலையாத கண்கள் வீதியில் ஓட்டப்படுகின்றன. முச்சக்கர வண்டிச் சாரதியோ மாதந்தோறும் கட்டவேண்டிய லீசிங் தவணையைச் சுமந்தபடி ஓடுகிறார்.

இதனால் சாரதி குற்றமற்றவர் என்பது எமது வாதமன்று. மாஞ்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் றீசனும் அவர்தம் குழுவினரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு, சாரதிகளின் தவறுகளைப் பிழை எனவும் மீறல் எனவும் பிரித்தது. பிழை என்பது நோக்கமின்றி நேர்வது. மீறல் என்பது அறிந்தே செய்வது. பிழைக்கு மருந்து பயிற்சியும் ஓய்வும் நல்ல வீதி அமைப்பும். மீறலுக்கு மருந்து வேறு. ஏனெனில் மீறலுக்குப் பின்னே ஒரு நலன் உள்ளது. ‘கவனயீனம்’ என்னும் ஒற்றைச் சொல் இவ்விரண்டையும் குழப்பி, நலனை மறைத்து விடுகின்றது. அந்த நலன் சாரதியினுடையதாக மட்டும் இருப்பதில்லை என்பதே முக்கியமானது.

3. தன்னைக் காணலும் பிறரைக் காணலும்

சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஒலா ஸ்வென்சன் 1981இல் வெளியிட்ட ஆய்வொன்று பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. சாரதித் திறமையில் தாம் எந்நிலையில் உள்ளோம் எனக் கேட்டபோது, அமெரிக்க மாணவருள் 93 சதவீதத்தினரும் சுவீடன் மாணவருள் 69 சதவீதத்தினரும் தம்மை மேற்பாதியினராகவே மதித்தனர். மேற்பாதியில் பாதிப் பேருக்கு மேல் இருத்தல் கணித முறைப்படி இயலாது. ஆயினும் மனம் கணிதத்தை ஏற்பதில்லை. இரு நாடுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடும் கவனத்திற்குரியது. தற்பெருமை மனித இயல்பு எனக் கூறி அமைய முடியாது. போட்டியை உயர்த்திப் பிடிக்கும் சமூகத்தில் அது மேலோங்கி நிற்கின்றது எனக் கொள்ள இடமுண்டு.

இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது, லீ றொஸ் என்பார் 1977இல் பெயரிட்டு விளக்கிய காரணங்காட்டற் பிழை. பிறர் செய்த தவறுக்கு அவர் குணத்தையும், நாம் செய்த தவறுக்குச் சூழ்நிலையையும் காரணமாகக் காட்டுவது பொது வழக்கம். முந்திச் சென்ற பஸ் சாரதி ‘முரடன்’. நாம் முந்தினால் ‘அவசரம்’. விளக்கின்றி வந்த சைக்கிளோட்டி ‘அறிவிலி’. நாம் விளக்கை மங்கச் செய்யாது வந்தால் ‘மறதி’. வீதியில் எதிர்ப்படுவோர் சில நொடிகளே எதிர்ப்படுகின்றனர். அவர் சூழ்நிலையை அறிய வாய்ப்பேயில்லை. ஆகவே எஞ்சுவது குணம் பற்றிய தீர்ப்பு மட்டுமே.

றேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியான ‘நாட்டுப்புறமும் நகரமும்’ என்னும் நூலிலே, போக்குவரத்து ஒரு தொழில்நுட்பம் மட்டுமன்று, அது ஓர் உணர்வு வடிவமும் சமூக உறவு வடிவமும் ஆகும் என்னும் கருத்தை முன்வைத்தார். தனித்தனி ஓடுகளுக்குள் அடைபட்டு, தத்தம் இலக்கை நோக்கி விரையும் மனிதர் பிறரைத் தடைகளாகவே காண்கின்றனர். சார்த்தர் 1960இல் எழுதிய ‘இயங்கியல் அறிவின் விமர்சனம்’ என்னும் நூலில் பஸ்ஸுக்காக வரிசையில் நிற்போரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கூடியிருந்தும் கூடாத மனிதரின் நிலையை விளக்கினார். ஒரே தேவை அவர்களை அங்கு சேர்த்துள்ளது. ஆயினும் ஒவ்வொருவரும் மற்றவருக்கு மேலதிகமானவர், இடத்தைப் பறிக்க வந்தவர்.

மாத்தளைப் பஸ் நிலையத்தில் நிற்பவருக்கு இக்கருத்து எளிதில் விளங்கும். பஸ்ஸினுள் ஏறியதும் ‘இன்னும் ஏன் நிற்கிறது’ எனச் சலிப்பவரும், இறங்கி வீதியைக் கடக்கும்போது ‘என்ன வேகம் இது’ எனச் சினப்பவரும் ஒருவரே. தோட்டத்து லயனிலிருந்து வந்து முச்சக்கர வண்டி ஓட்டும் இளைஞன், தன் தந்தையின் வயதையொத்த சைக்கிளோட்டியை ஹோர்ன் அடித்து ஓரத்துக்குத் தள்ளுகிறான். சற்று நேரத்தின் பின் அவனையே சுற்றுலா வான் ஒன்று அதே முறையில் தள்ளுகின்றது. ஆதிக்கம் மேலிருந்து கீழாகப் படிப்படியாகக் கைமாறுகின்றது. ஒடுக்கப்பட்டோர் தம்மிடையே அதனை மறுபடி உற்பத்தி செய்கின்றனர். மேலோர் தீயவர், கீழோர் நல்லவர் என்னும் எளிய சூத்திரம் வீதியில் செல்லாது. உறவின் அமைப்பையே நாம் காணவேண்டியுள்ளது.

4. ஹோர்னின் மொழி

மொழியியலில் ஈடுபாடுள்ளோர்க்கு ஹோர்ன் ஒலி சுவையான ஆய்வுப் பொருளாகும். வொலோஷினோவ் 1929இல் வெளியிட்ட ‘மார்க்சியமும் மொழித் தத்துவமும்’ என்னும் நூலில், ஒரே குறி வெவ்வேறு வர்க்கத்தினரிடம் வெவ்வேறு அழுத்தம் பெறுகின்றது எனவும், ஆதலால் குறியே போராட்டக் களமாகின்றது எனவும் விளக்கினார். ஹோர்ன் அத்தகைய குறி. சட்டத்தின் பார்வையில் அது எச்சரிக்கை. நடைமுறையில் அது கட்டளை, வாழ்த்து, நன்றி, வசை, அழைப்பு ஆகிய யாவுமாகும்.

தமிழில் முன்னிலைக்கு நீ, நீர், நீங்கள் என மரியாதைப் படிகள் உள்ளன. ஹோர்னுக்கும் இப்படிகள் உண்டு. மெல்லிய இரு தட்டல்கள் ‘நீங்கள்’ எனக் கூறுவன. நீண்ட ஒற்றை ஒலி ‘நீ’ என்பது. பல வேளைகளில் அதற்கும் கீழே. பொலிஸ் வாகனத்தின் பின்னே, விலையுயர்ந்த காரின் பின்னே, விகாரைக்குச் செல்லும் வாகனத்தின் பின்னே கேட்கும் ஒலியும், வயலிலிருந்து திரும்பும் சைக்கிளின் பின்னே கேட்கும் ஒலியும் ஒன்றல்ல என்பதை வீதியில் நடப்போர் யாவரும் அறிவர்.

அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் டூப், குறோஸ் ஆகிய இருவரும் செய்து 1968இல் வெளியிட்ட பரிசோதனை இதற்குச் சான்று தருகின்றது. பச்சை விளக்கு எரிந்த பின்னும் நகராது ஒரு காரை நிறுத்தி வைத்தனர். ஒரு முறை புதிய உயர்தரக் கார். மறு முறை பழைய மலிவான கார். பழைய காரின் பின் நின்றோரில் 84 சதவீதத்தினர் ஹோர்ன் அடித்தனர்; உயர்தரக் காரின் பின் நின்றோரில் 50 சதவீதத்தினரே அடித்தனர். ஆனால் ஆண் மாணவரிடம் தனியே கேட்டபோது, உயர்தரக் காருக்கே தாம் விரைவாக ஹோர்ன் அடிப்போம் என்றனர். சொல்லில் சமத்துவம், விரலில் பணிவு. கருத்துநிலை எங்கு வாழ்கின்றது என்னும் வினாவுக்கு இதைவிடச் சிறந்த விடை கிடைத்தல் அரிது. அது மனிதர் தம்மைப் பற்றிக் கூறுவதில் அன்று. எண்ணாது செய்வதில் வாழ்கின்றது.

சைக்கிளின் மணிக்கு இம்மொழியில் இடமில்லை. அது பாதசாரிக்கு மட்டுமே கேட்கும். மூடிய கண்ணாடிக்குள்ளே, இயந்திர ஓசைக்குள்ளே இருப்பவருக்கு அது எட்டுவதில்லை. பிறர் தன்னிடம் பேசுவதைக் கேட்க வேண்டியவரும், தாம் பேசுவது பிறருக்குக் கேட்காதவருமான ஒருவராகச் சைக்கிளோட்டி வீதியில் உள்ளார்.

5. சைக்கிளோட்டியின் மனம்

சைக்கிளோட்டியை வெறும் பலியாளராகச் சித்திரிப்பதும் நியாயமாகாது. எதிர்த்திசையில் வருதல், இருளில் விளக்கின்றி வருதல், திடீரெனக் குறுக்கே திரும்புதல் ஆகியன உண்மையே. ஆனால் இவற்றின் தருக்கத்தை விளங்கிக்கொள்ளுதல் அவசியம். சாரதி நிறுத்திப் புறப்படும்போது செலவாவது எரிபொருள். சைக்கிளோட்டி நிறுத்திப் புறப்படும்போது செலவாவது அவர் உடல். நாள் முழுதும் வயலில் குனிந்தவரோ, தம்புள்ளையில் மூட்டை சுமந்த நாட்டாமையோ வீடு திரும்பும்போது ஒவ்வொரு நிறுத்தமும் மேலதிக உழைப்பாகின்றது. ஒரே விதி இருவரிடமும் ஒரே விலையைக் கேட்பதில்லை. நில்லாது செல்ல அவர் வழி தேடுவது ஒழுங்கீனத்தால் மட்டுமன்று; எஞ்சியிருக்கும் வலுவைச் சேமிக்கவுமாகும்.

முன்னர் குறிப்பிட்ட ஓர நிலையை இங்கு நினைவுகூரலாம். பின்னே ஹோர்ன் கேட்டதும் சைக்கிளோட்டி தார் வீதியிலிருந்து சரளை ஓரத்துக்கு இறங்குகிறார். அதனை அவர் அச்சத்தால் மட்டும் செய்வதில்லை. வீதி தமக்குரியதன்று என ஏற்றுக்கொண்டதனாலும் செய்கிறார். சட்டப்படி அவரும் வீதியைப் பயன்படுத்தும் உரிமையுடையவரே. ஆயினும் உரிமையைப் பயன்படுத்துவது ஏதோ அத்துமீறல் போல அவருக்கே தோன்றுகின்றது. சாதி இறுக்கமுள்ள கிராமங்களிலே தோளிலிருந்த துண்டு தானாகவே இடுப்புக்கு இறங்கிய வரலாற்றை அறிந்தோர்க்கு இம்மனநிலை புதியதன்று.

சாரதி சைக்கிளோட்டியைக் காணும் முறை குறித்தும் ஆய்வுகள் உண்டு. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்து இயன் வோக்கர், தம் சைக்கிளில் அளவு கருவி பொருத்தி, தம்மை முந்திச் சென்ற 2,300க்கு மேற்பட்ட வாகனங்களின் இடைவெளியை அளந்து 2007இல் வெளியிட்டார். தலைக்கவசம் அணிந்தபோது வாகனங்கள் சராசரியாக 8.5 சென்றிமீற்றர் நெருங்கிச் சென்றன. நீண்ட பொய்ம்முடி அணிந்து பெண்போலத் தோன்றியபோது விலகிச் சென்றன. தலைக்கவசம் பற்றிய முடிவை மறுபகுப்பாய்வு செய்த பிறர் பின்னர் ஐயுற்றனர். எனினும், சாரதி சைக்கிளோட்டியைக் கணநேரத்தில் வகைப்படுத்தி, அவ்வகைக்கு ஏற்ப இடம் அளிக்கிறார் என்னும் கருத்து சிந்திக்கத்தக்கது. அவுஸ்திரேலியாவில் அலெக்சா டெல்பொஸ்க் முதலானோர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், சைக்கிளோட்டாதோருட் பாதிக்கு மேற்பட்டோர் சைக்கிளோட்டிகளை முழு மனிதராக மதிப்பிடவில்லை. செல்வந்த நாட்டிலேயே நிலை இதுவாயின், சைக்கிள் வறுமையின் அடையாளமாகக் கொள்ளப்படும் இடத்தில் நிலை யாதென ஊகிக்கலாம்.

இந்நிலை மாறாததன்று. சைக்கிளோட்டிகள் பெருகும்போது ஒவ்வொருவருக்குமுரிய ஆபத்துக் குறைகின்றது எனப் பீற்றர் ஜேக்கப்சன் 2003இல் எடுத்துக்காட்டினார். காரணமும் விளைவும் எத்திசையில் செல்கின்றன என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் பலராக இருப்போர் கண்ணிற் படுவர் என்பதில் ஐயமில்லை. இதே ஏ9 வீதியின் வட முனையில், போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது எரிபொருளின்றி யாழ்ப்பாணம் முழுவதும் சைக்கிளில் இயங்கியது. அங்கே சைக்கிள் ஏழையின் வாகனமாக அன்றி ஊரின் வாகனமாக இருந்தது. 2022இல் நாடெங்கும் எரிபொருட் தட்டுப்பாடு ஏற்பட்டபோதும் சைக்கிள்கள் பெருகின. அவற்றின் விலையும் ஏறிற்று. ஆனால் எரிபொருள் மீண்டதும் வீதியும் பழைய நிலைக்கே மீண்டது.

நெதர்லாந்தின் அனுபவம் இதற்கு மாறானது. 1971இல் அந்நாட்டில் 3,000க்கு மேற்பட்டோர் வீதியில் இறந்தனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்னும் பெயரில் 1972இல் எழுந்த இயக்கம் பெற்றோரை வீதிக்கு அழைத்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடி அதற்குத் துணையாயிற்று. நெருக்கடி மட்டும் அங்கு சைக்கிள் வீதிகளை அமைக்கவில்லை. நெருக்கடியைக் கோரிக்கையாக மாற்றிய இயக்கமே அமைத்தது. எமக்கு 2022இல் நெருக்கடி வாய்த்தது. அத்தகைய இயக்கம் வாய்க்கவில்லை.

6. விபத்தின் இலக்கணம்

இலக்கிய மாணவர் இத்துறையிற் கூறக்கூடியது ஒன்றுண்டு. எமது விபத்துச் செய்திகளின் வாக்கிய அமைப்பை உற்று நோக்குதல் பயன் தரும். ‘வேகக் கட்டுப்பாட்டை இழந்த லொறி’ என்பது நாம் நாளும் கேட்கும் தொடர். இதில் எழுவாய் லொறி. கட்டுப்பாட்டை வைத்திருந்ததும் அதுவே, இழந்ததும் அதுவே. ஓட்டியவரும் இல்லை, அவரை ஓட வைத்தவரும் இல்லை. மறுபுறத்தில் சைக்கிளில் சென்றவர் ‘லொறியுடன் மோதுண்டு’ இறக்கிறார். தம் இறப்பில் அவரே ஏதோ பங்குகொண்டவர் போன்ற தோற்றம் எழுகின்றது.

மார்க்ஸ் 1867இல் ‘மூலதனம்’ முதற் பாகத்திலே, மனிதருக்கிடையேயான உறவு பொருள்களுக்கிடையேயான உறவாகத் தோற்றமளிப்பதைப் பண்டத்தின் மாய வழிபாடு என விளக்கினார். விபத்துச் செய்தியின் இலக்கணம் இதற்குச் சிறந்த உதாரணம். உயிரற்றது செயற்படுகின்றது, உயிருள்ளது செயப்படுபொருளாகின்றது. இத்தகைய மொழியில் நாளும் ஊறிய மனம், விபத்தை மழைபோலவும் இடிபோலவும் இயற்கை நிகழ்ச்சியாக ஏற்கப் பழகிவிடுகின்றது. ‘விதி’ என்னும் சொல் அடுத்து வந்து நிற்பதும் வியப்பன்று.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவது யாது? வீதியில் வெளிப்படும் பொறுமையின்மையும் அலட்சியமும் மனித மனத்தின் மாறா இயல்புகள் அல்ல. மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தின் மாசி மகத் தேர்த் திருவிழாவின்போது பஞ்சரதங்கள் நகர வீதியில் வலம் வருகின்றன. தேர் நகரும் வேகமே அன்று வீதியின் வேகம். வாகனங்கள் காத்து நிற்கின்றன. மற்றைய நாட்களில் ஒரு கணமும் பொறாத அதே சாரதிகள் அன்று பொறுக்கின்றனர். மரண ஊர்வலம் ஒன்று எதிர்ப்பட்டாலும் வேகத்தைக் குறைத்து, ஹோர்ன் அடியாது செல்லும் வழக்கமும் எம்மிடையே உண்டு. ஆகவே பொறுமை இல்லாமலில்லை. எதற்குப் பொறுமை காட்டத் தகும் எனச் சமூகம் மதிக்கின்றதோ அதற்கு அது கிடைக்கின்றது. வீதியில் இறந்தவருக்கு அளிக்கும் இடத்தை உயிரோடு சென்றபோது அளிக்கவில்லை என்பதே எமது போக்குவரத்தின் அவலம்.

எனவே சுவரொட்டிகளாலும் அறிவுரைகளாலும் மட்டும் இம்மனநிலை மாறாது. பஸ் சாரதிக்கும் நடத்துநருக்கும் வசூலைச் சாராத மாதச் சம்பளமும், பஸ்கள் ஒன்றையொன்று துரத்தத் தேவையற்ற ஒருங்கிணைந்த நேர அட்டவணையும் கிடைக்குமாயின், அவர் கண்ணில் ஒரு பகுதி விடுதலை பெறும். நாவுலையிலிருந்து தம்புள்ளை வரையும் கலேவெலைப் பக்கமும் சைக்கிளுக்கும் கால்நடைக்கும் உரிய அகன்ற ஓரங்கள் அமைக்கப்படுமாயின், ஓரம் என்பது இரவல் இடமாக இருத்தல் ஒழியும். பாடசாலைகளும் சந்தைகளும் உள்ள இடங்களில் வேகத்தை அறிவித்தற் பலகையால் அன்றி வீதியின் அமைப்பினாலேயே குறைத்தல் வேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றரில் செல்லும் வாகனத்தின் இயக்கச் சக்தி 30 கிலோமீற்றரில் செல்வதைப் போல் நான்கு மடங்காகும். அவ்வேகத்தின் முன்னே நல்லெண்ணம் மட்டும் உயிரைக் காவாது.

இவற்றைக் கோருவோர் யாவர் என்பதே இறுதி வினா. சாரதியும் சைக்கிளோட்டியும் பகைவராகக் காட்சியளிக்கும் வரை இக்கோரிக்கைக்குக் குரல் இராது. வசூலுக்காக விரைபவரும் அவ்விரைவுக்கு அஞ்சி ஓரத்தில் இறங்குபவரும் ஒரே ஏற்பாட்டின் இரு முனைகளில் நிற்பவர்கள். தொழிற்சங்கங்கள் சாரதியின் சம்பளத்தையும் சைக்கிளோட்டியின் பாதுகாப்பையும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் எழுதும் நாளில், அவ்விருவரும் ஒருவரையொருவர் தடையாக அன்றி மனிதராகக் காணத் தொடங்குவர் என்பது எமது துணிபு.